90 டிகிரியா, 92 டிகிரியா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்து மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: ஒரே குழாயில் அடுத்தடுத்து இரண்டு டிரான்ஸ்மீட்டர்கள். ஒன்று 90 டிகிரி காட்டுகிறது, மற்றது 92. எதை நம்புவது? முதலாவதில் பி.டி.100 என்ற மின்தடை சென்சார், இரண்டாவதில் கே டைப் தெர்மோகப்பிள் என்றும் எழுதியிருக்கிறார்.

விடை அதிலேயே இருக்கிறது. ‘ஏ’ வகுப்பு பி.டி.100 என்றால் 90 டிகிரியில் மூன்றில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் பிசகலாம். இரண்டாம் வகுப்பு கே டைப்புக்கோ இரண்டரை டிகிரி வரை தர விதியே இடம் தருகிறது. டிரான்ஸ்மீட்டரில் 0.1 டிகிரி துல்லியம் என்று போட்டிருப்பது அந்தப் பெட்டியின் கணக்கு மட்டும். சென்சாரின் பிசகு தனி. கூழுக்கு நான் பி.டி.100ஐத்தான் நம்புவேன், மூன்று வயர் இழுத்திருந்தால். இரண்டே வயர் என்றால், வயரின் ஒரு ஓம் தடைகூட இரண்டரை டிகிரியைக் கூட்டிக் காட்டிவிடும்.

ஆனால் என்னை வியக்க வைப்பது தெர்மோகப்பிள்தான். அதற்குச் சூடு தெரியாது, வித்தியாசம்தான் தெரியும். இரு உலோகக் கம்பிகள் சேரும் முனைக்கும் மறுமுனைக்கும் இடையே டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அம்மா உறை ஊற்றுமுன் பாலில் விரல் வைத்துப் பார்ப்பார். பாத்திரம் கழுவிய ஈரக்கை என்றால், முந்தானையில் துடைத்துச் சற்றுப் பொறுத்துத்தான் வைப்பார். சில்லிட்ட விரலுக்கு வெதுவெதுப்பான பாலும் சுடும். டிரான்ஸ்மீட்டரும் அப்படித்தான். கம்பி வந்து சேரும் இடத்தின் வெப்பநிலையைத் தனியாக அளந்து, அதையும் கூட்டிக்கொள்கிறது.

இது புரியாமல் செய்யும் சிக்கனம் மனதை வருத்துகிறது. ஓர் ஆலையில் பாய்லர் தெர்மோகப்பிளிலிருந்து பேனல் வரை சாதாரணச் செம்பு வயரை இழுத்திருந்தார்கள். தெர்மோகப்பிளின் தலைப்பகுதி 60 டிகிரி, பேனல் 30. மீட்டர் எப்போதும் 30 டிகிரி குறைத்தே காட்டியது. சூடு போதவில்லை என்று ஆட்கள் மேலும் மேலும் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விலையுயர்ந்த டிரான்ஸ்மீட்டர் வாங்கியவர்கள் அதற்குரிய காம்பன்சேட்டிங் கேபிளுக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

வாசகர் ஒரு காரியம் செய்யலாம். பிளாஸ்கில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் சுத்தமான தண்ணீரும் கலந்து, இரண்டு சென்சார்களையும் ஆழமாக அமிழ்த்திப் பத்து நிமிடம் பொறுங்கள். பூஜ்யத்திலிருந்து எது விலகுகிறது என்று தெரிந்துவிடும். கொதிநீரிலும் பார்ப்பதானால் ஒன்றை மறக்க வேண்டாம்: தருமபுரி கடல் மட்டத்துக்கு 450 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 98.5 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 100 காட்டவில்லையே என்று திருகிவிட்டால், சரியாக இருந்த கருவியில் ஒன்றரை டிகிரி பிசகை நாமே ஏற்றிவிடுவோம்.