கடன் இல்லாதவருக்கு மார்க் இல்லை

பெங்களூர் ஜீவனஹள்ளியிலும் பக்கத்துக் காக்ஸ் டவுனிலும் தமிழ் பேசும் வீடுகளில் இப்போது அடிக்கடி நடக்கும் விஷயம் இது. மகனுக்கு அமெரிக்காவில் வேலை, எச்-1பி விசா. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத மருமகளுக்குக் கணவரைச் சார்ந்து போகும் எச்-4 விசா. பருப்புப்பொடியும் பிரஷர் குக்கருமாகப் பெட்டி கட்டிக்கொண்டு இருவரும் கிளம்புகிறார்கள். போன பத்துப் பதினைந்து நாளில் அம்மாவுக்குப் போன் வருகிறது: "வீடு பார்த்தாச்சும்மா, ஆனா தர மாட்டேங்கறாங்க. கிரெடிட் ஹிஸ்டரி இல்லையாம்." அம்மாவுக்கு ஆத்திரம். "நமக்குத்தான் ஒரு பைசா கடன் கிடையாதே, அதைச் சொன்னியாடா?"

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், புது நாட்டில் ஒரு ஜோடியின் முதல் வருடம் ஏன் அப்படி இழுபறியாகப் போகிறது என்பது பாதி விளங்கிவிடும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே போகலாம்.

நம் தெரு மளிகைக் கடையில் மாதக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில், ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறையோடு. வீட்டுக்கு ஒரு பக்கம். துவரம்பருப்பு ஒரு கிலோ, தேங்காய் இரண்டு என்று தேதி போட்டு எழுதிக்கொண்டே வருவார் கடைக்காரர். சம்பளம் வந்ததும் நாம் போய்த் தீர்ப்போம். அவர் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். நாலைந்து வருடம் இப்படிக் கோடு விழுந்த பக்கம் என்றால், பண்டிகை மாதத்தில் இரண்டு மடங்கு சாமான் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுப்பார். அமெரிக்காவில் கிரெடிட் ஹிஸ்டரி என்பது இந்த நோட்டுதான். ஒரு கடைக்காரரிடம் இல்லாமல் நாடு முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

அந்த நோட்டை வைத்திருப்பவை மூன்று கம்பெனிகள்: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். யார் எவ்வளவு வாங்கினார், எப்போது கட்டினார், எத்தனை நாள் தள்ளிப்போட்டார் என்று வங்கிகள் மாதாமாதம் இவர்களிடம் சொல்லிவிடுகின்றன. அதைப் படித்து ஒரு மார்க் போடும் கணக்குமுறையை விற்பது ஃபைகோ என்ற இன்னொரு கம்பெனி. 1956-இல் ஃபேர் என்ற எஞ்சினியரும் ஐசக் என்ற கணிதக்காரரும் சேர்ந்து தொடங்கியது. இன்று எல்லோரும் சொல்லும் ஃபைகோ ஸ்கோர் 1989-இல் வந்தது. 300-இல் தொடங்கி 850 வரை போகும். வீட்டுக்காரர், கார் கடன் தருபவர், சில ஊர்களில் மின்சாரக் கம்பெனி என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்றே போக வேண்டும், ஏனென்றால் படித்தவர், படிக்காதவர் என்று இல்லாமல் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. கடன் இல்லாதவன் யோக்கியன், யோக்கியனுக்கு நூற்றுக்கு நூறு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த மார்க் யோக்கியதைக்குப் போடுவதல்ல, வசதிக்கும் அல்ல. ஃபைகோ கணக்கில் சம்பளம் கிடையாது. வங்கியில் கிடக்கும் இருப்பும் கிடையாது. கல்யாணம் ஆனவரா, என்ன வேலை என்பதெல்லாமும் கிடையாது. கடனை எப்படி வாங்கினார், எப்படித் திருப்பினார் என்பதைத்தான் அது பார்க்கிறது.

மளிகைக் கடையிலேயே யோசித்துப் பாருங்கள். தினமும் காசு கொடுத்துச் சாமான் வாங்கிப் போகும் பெரியவர் ஒருவர் இருப்பார். கடைக்காரருக்கு அவர்மேல் நிறைய மரியாதை. ஆனால் நோட்டில் அவருக்குப் பக்கமே கிடையாது. நோட்டை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அவரும் ஒன்றுதான், நேற்று ராத்திரி ஊருக்கு வந்து இறங்கியவரும் ஒன்றுதான். அங்கே வீட்டை வாடகைக்கு விடும் நிர்வாகத்துக்கு நம் பிள்ளையின் முகம் தெரியாது. அவர்களுக்குத் தெரிவது நோட்டு மட்டும். அதனால் டெபிட் கார்டில் பத்தாயிரம் டாலர் செலவழித்தாலும் ஒரு வரிகூட அதில் ஏறாது. அது நம் காசு. கடன் வாங்கவில்லை, ஆகவே திருப்பவும் இல்லை.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு தப்பெண்ணம் உலவுகிறது. கார்டில் கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் மார்க் ஏறும் என்று போன இடத்தில் யாராவது நண்பர் சொல்லிக் கொடுப்பார். வேண்டவே வேண்டாம். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டினாலே பக்கம் நிரம்பும். பாக்கி வைத்தால் ஏறுவது வட்டிதான். அது வருடத்துக்கு நூற்றுக்கு இருபதைச் சுலபமாகத் தாண்டும்.

"பெங்களூரில் வாங்கிய சிபில் ஸ்கோர் இருக்கிறதே, 800-க்கு மேல், அதைக் காட்டக் கூடாதா?" என்பது அடுத்த கேள்வி. கேட்பவர் விவரம் தெரிந்தவர். 2000-இல் தொடங்கிய இந்தியக் கடன் தகவல் கம்பெனியான சிபில் இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில். எக்ஸ்பீரியனும் ஈக்விஃபாக்ஸும்கூட இந்தியாவில் இருக்கின்றன. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் நோட்டுகள் வேறு. இங்குள்ளது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரும்பாலும் பான் எண்ணைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அங்குள்ளது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. இங்கே பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய வீட்டுக் கடன், வழக்கமாக அங்குள்ள பக்கத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

சரி, அட்வான்ஸை அதிகமாகக் கொடுத்துவிடலாமே என்று பெங்களூர்க்காரருக்குத் தோன்றும். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊர் அல்லவா! ஆனால் பல மாநிலங்களில் அட்வான்ஸுக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதனால் வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பொறுப்புக் கையெழுத்துப் போடும் நண்பர் இவற்றை வைத்துத்தான் முதல் வீடு கிடைக்கிறது.

முதல் பக்கத்தை எப்படித் திறப்பது? சோஷியல் செக்யூரிட்டி எண் கைக்கு வந்ததும் வங்கியில் செக்யூர்ட் கார்டு என்று கேட்கலாம். 500 டாலரை வங்கியில் டெபாசிட்டாக வைத்தால் 500 டாலர் வரம்புள்ள கார்டு வரும். நம் பணத்தையே ஈடாக வைத்துக்கொண்டு நமக்குக் கடன் கொடுக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனாலும் நோட்டில் வரி விழுகிறது. ஃபைகோ மார்க் வர, கணக்கு ஒன்றாவது ஆறு மாதம் நடந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். அந்தக் கார்டில் 450 டாலருக்கு மளிகையும் போன் பில்லும் போட்டு, கடைசித் தேதிக்குள் முழுவதையும் கட்டிவிட்டார் மகன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் மார்க் குறையலாம். ஏனென்றால் வங்கி மூன்று கம்பெனிகளுக்கும் சொல்வது பொதுவாகப் பில் போடும் நாளில் நின்ற தொகையை. பில் போட்டு மூன்று வாரத்துக்குப் பிறகுதான் பணம் கட்டும் கடைசித் தேதி வரும். பில் நாளில் 500-க்கு 450 நின்றால், வரம்பில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தின்றவராகப் பதிவாகிறார். மார்க்கில் 35 சதவீதம் ஒழுங்காகக் கட்டினாரா என்பதற்கு. அடுத்த 30 சதவீதம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதற்கு. அதனால் பில் போடும் நாளுக்கு முன்பே பாதிக்கு மேல் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். தவணை முப்பது நாள் தாண்டிப் போனால் மட்டும் மன்னிப்பில்லை. அந்தக் கறை ஏழு வருடம் இருக்கும்.

இதுவரை மகனைப் பற்றியே பேசிவிட்டோம். மருமகள்? கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரு பக்கம் என்று நோட்டில் கிடையாது. ஆளுக்கு ஒரு பக்கம்தான். எச்-4 விசாவில் வந்தவருக்கு வேலை செய்யும் அனுமதி இல்லையென்றால் பொதுவாகச் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைப்பதில்லை. 2015 மே 26 முதல் எச்-4காரர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி உண்டு. ஆனால் கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்குச் சில வருடங்கள் ஆகலாம். பெங்களூரில் சொந்தச் சம்பளம், சொந்தக் கார்டு என்று இருந்த பெண், அங்கே காகிதத்தில் இல்லாதவராகிவிடுகிறார். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

முன்பு இன்னும் மோசம். கணவன் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் அட்டை தர மாட்டோம் என்று அமெரிக்க வங்கிகள் வெளிப்படையாகவே சொன்ன காலம் இருந்தது. 1974-இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டம்தான் அதைத் தடுத்தது. இப்போது மருமகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. கணவரின் கார்டில் கூடுதல் பயனாளராகப் பெயர் சேர்க்கலாம். பல வங்கிகள் அவர் பெயரிலும் நோட்டில் எழுதுகின்றன. அல்லது வரி கட்டுவதற்காகத் தரப்படும் ஐடின் எண்ணை ஏற்றுக்கொள்ளும் வங்கியைத் தேடிப் பிடித்து, அவர் பெயரிலேயே ஒரு செக்யூர்ட் கார்டு வாங்கலாம். இரண்டாவதுதான் மேல். முதலாவதில் பக்கம் அவருடையதாக இருந்தாலும் பேனா கணவர் கையில் இருக்கிறது. அவர் ஒரு தவணை தவறினால் இவர் பக்கத்திலும் கறை விழலாம்.

மற்ற நாடுகளில் நோட்டின் அட்டை மட்டும் மாறும். ஜெர்மனியில் ஷூஃபா என்ற கம்பெனி, 1927-இல் பெர்லினில், வீட்டு மின்சாதனங்களைத் தவணைக்கு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து பிறந்தது. வீட்டுக்காரர்கள் அந்தச் சான்றிதழைக் கேட்பது அங்கே வழக்கம். பிரிட்டனில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கடன் கம்பெனிகள் முகவரியைச் சரிபார்ப்பது சுலபம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால் அங்கே முறையாக வசிக்கும் இந்தியர்கள் ஓட்டுப் போடலாம். இது தெரியாமல் பட்டியலில் சேராமல் இருப்பவர்கள் உண்டு.

ஜீவனஹள்ளி வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் விட்டுப்போன இந்தியக் கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் யாரும் பார்க்காமல் பாக்கியாக நிற்கும். ஓடிபி வரும் சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் அது செத்துப்போகும். நாளைக்கு இங்கே ஃபிளாட் வாங்கக் கடன் கேட்கும்போது சிபிலில் அந்தச் சில நூறு ரூபாய் பாக்கி நிற்கும். இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் கம்பெனியும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அமெரிக்காவில் மூன்று கம்பெனிகளின் அறிக்கையையும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மார்க் குறையாது. கிளம்பும் முன் தேவையில்லாத கார்டுகளை மூடிவிட்டு, மூடிய கடிதத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே வீடு அமைந்ததும், வாடகை ஒப்பந்தத்திலும் மின்சார பில்லிலும் மருமகளின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.