நாண் இழுக்கும் விரல்

பாதத்தின் உள்விளிம்பில், கால் கட்டைவிரல் தொடங்கும் மூட்டருகே நாளடைவில் புடைத்துவரும் மேட்டைப் பலர் புதிதாக முளைத்த எலும்பு என்றோ முற்றிப்போன காலாணி என்றோ எண்ணிக்கொள்கின்றனர்; அது இவ்விரண்டும் அன்று. காலாணி தோல் தடித்து இறுகுவதால் வருவது. இதுவோ மூட்டே இடம் மாறுவதால் வருவது. ஆகவே மேட்டைச் சுரண்டுவதாலும் தேய்ப்பதாலும் தோல் புண்ணாவதைத் தவிர வேறு பயன் விளைவதில்லை. இதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘பனியன்’ என்று உள்ளாடையின் பெயராகவே வந்துவிடுவதால், ‘கட்டைவிரல் சாய்வு’ என்பது இங்குப் பொருத்தமான பெயராகும். மருத்துவ நூல்கள் இதனை ஹாலக்ஸ் வால்கஸ் என்பதும், உடலின் நடுக்கோட்டை விட்டு வெளிப்புறம் சாய்ந்த கட்டைவிரல் என்னும் இதே பொருளில்தான்.

கட்டைவிரலைத் தாங்கும் நீண்ட பாத எலும்பு மற்றக் காலை நோக்கி மெல்ல விலக, அதன் முனையில் பொருந்தியுள்ள விரலோ எதிர்ப்புறமாக, இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து உண்டாக்கும் கோணத்தின் முனையே வெளியே தெரியும் மேடு. அதாவது, பெரும்பாலும் அங்கே துருத்துவது ஏற்கனவே இருந்த எலும்பின் தலைதான். அதன்மேல் செருப்போ ஷூவோ ஓயாமல் உரசும்போது, தோலுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தைபோல் அமைந்த நீர்ப்பை வீங்கிச் சிவந்து வலிக்கிறது. மூட்டின் அடியில், எள்ளின் பெயரால் அழைக்கப்படும் இரு சிற்றெலும்புகள் உண்டு (எள்ளைவிடப் பெரியவை என்பது வேறு செய்தி); உடலின் எடையைத் தாங்கும் அவையும் தம் இடத்தினின்று பிறழ்ந்துவிடுகின்றன.

ஒருமுறை தொடங்கிய சாய்வு தானாகவே வளர்வது ஏன் என்பதைத் ‘தசைநாண்’ என்னும் சொல்லே விளக்கிவிடுகிறது. விரல் நேராக உள்ளவரை அதனை நிமிர்த்தவும் மடக்கவும் உதவும் நாண்கள் மூட்டின் நடுவே செல்கின்றன. விரல் சாய்ந்தபின், வளைந்த வில்லின் குறுக்கே நாண் நிற்பதுபோல் அவை ஒருபக்கமாக ஒதுங்கி, ஒவ்வோர் அடிக்கும் விரலை மேலும் சாய்த்து இழுக்கின்றன. கட்டைவிரல் தன் சுமையைத் தாங்காதபோது அது இரண்டாம் விரலின் அடிப்பகுதிக்குச் செல்ல, அங்கே தோல் தடித்து வலி உண்டாகிறது. இடம் இழந்த இரண்டாம் விரல் சுத்திபோல் மடங்குவதும், கட்டைவிரலின்மேல் ஏறிக்கொள்வதும் உண்டு. அவ்விரலில் மெட்டி அணியும் பெண்கள், மெட்டி இறுகுவதையோ அழுத்துவதையோ கண்டால் அதைத் தளர்த்திவிடுவது நல்லது.

சாய்வின் அளவை அறிய, நோயாளி நின்றபடி, அதாவது எடை பாதத்தின்மேல் இருக்கும் நிலையில், எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. பாத எலும்புக்கும் விரலுக்கும் இடையிலான கோணம் 15 பாகைக்குள் இருப்பது இயல்பு; 40 பாகையைக் கடந்தால் கடுமையானது. எனினும் கோணமும் வலியும் சேர்ந்தே வளர்வதில்லை: பெரிதாகச் சாய்ந்த விரலோடு வலியின்றி நடப்போரும், சிறு சாய்விலேயே துன்புறுவோரும் உளர்.

பழி பெரும்பாலும் காலணியின்மேல் விழுகிறது. அதற்குச் சான்றும் இல்லாமல் இல்லை. ஹாங்காங்கில் வாழ்ந்த சீனரிடையே நடத்தப்பட்டு 1958இல் வெளியான ஆய்வில், காலணி அணிந்தோருள் 33 சதவீதத்தினரிடமும், வெறுங்காலுடன் வாழ்ந்தோருள் 1.9 சதவீதத்தினரிடமும் இச்சாய்வு காணப்பட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் தோண்டியெடுக்கப்பட்ட 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோரிடம் 6 சதவீதமாக இருந்த பாதிப்பு, கூர்முனைக் காலணி நாகரிகமாகப் பரவிய 14, 15ஆம் நூற்றாண்டுகளில் 27 சதவீதமாக உயர்ந்திருந்தது. நாட்டுப்புற இடுகாட்டில் 3 சதவீதமாக இருந்தது, துறவியரும் செல்வரும் அடக்கம்பெற்ற மடத்தில் 43 சதவீதமாக இருந்தது. துறவு பூண்டோரையும் நாகரிகம் விடவில்லை போலும். பாதிப்புற்ற முதியோரின் எலும்புகளில், கீழே விழுந்ததால் நேரும் முறிவுகள் மிகுந்திருந்தமை, இது வெறும் அழகுக்குறை அன்று என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் காலணியே முழுக் காரணம் என்பது பொருந்தாது. வெறுங்காலினரிடமும் இது சிறிதளவு இருக்கிறது. ஒரே வகைக் காலணி அணிந்த எல்லார்க்கும் வருவதுமில்லை. பாதத்தின் அமைப்பும் இணைப்பு இழைகளின் தளர்வும் குடும்பவழி வருகின்றன. தட்டைப்பாதமும் முடக்குவாதமும் சாய்வைத் தூண்டுகின்றன. பெண்களிடமும் முதியோரிடமும் இது மிகுதி. குடும்பவழி வந்த நலிவை நெருக்கமான காலணி விரைவுபடுத்துகிறது எனக் கொள்வதே தகும்.

விரலை நேராக்குவதாகச் சொல்லி விற்கப்படும் பட்டைகளைப் பற்றி இங்கே வெளிப்படையாகக் கூறவேண்டும். விரலிடை வைக்கும் சிலிக்கான் துண்டும் இரவில் கட்டும் பட்டையும் உரசலையும் வலியையும் சிறிது குறைக்கலாம். முதிர்ந்த ஒருவரின் சாய்ந்த எலும்பை அவை நிலையாக நிமிர்த்துவதில்லை. அவற்றைவிடப் பயன் தருவது அகன்ற முன்புறமும் தாழ்ந்த குதிகாலும் உடைய காலணி. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் ஒரு தாளின்மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, அணியும் காலணியை அதன்மேல் வைத்தால், விரல்கள் எவ்வளவு நெருக்கப்படுகின்றன என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். பனிக்கட்டி ஒற்றடமும் மெத்தென்ற காப்புத் துண்டும் வீக்கத்தைத் தணிக்கும். வலி மாத்திரையை, குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உடையவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. ஓரிரவில் மூட்டு செந்நிறமாகி, போர்வை படுவதைக்கூடப் பொறுக்கமுடியாத வலி வந்தால், அது கவுட் எனப்படும் யூரிக் அமில வாதமாக இருக்கலாம்; அதற்கு மருத்துவம் வேறு. நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியோர்க்கு, மேட்டின்மேல் படும் உரசல் வலியின்றியே ஆறாப் புண்ணாகிவிடக்கூடும் என்பதால், அவர்கள் அவ்விடத்தை நாள்தோறும் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

இவற்றுக்கெல்லாம் அடங்காத வலி அன்றாட நடையைத் தடுக்கும்போதே அறுவை மருத்துவம் எண்ணப்படுகிறது. தோற்றத்துக்காக மட்டும் அதைச் செய்துகொள்ளுமாறு எலும்பு மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. மேட்டை மட்டும் செதுக்கினால் சாய்வு அப்படியே இருக்கும் என்பதால், பாத எலும்பை வெட்டி நகர்த்தித் திருகாணியால் பொருத்துவதே இன்றைய வழக்கம். எலும்பின் பின்மூட்டு மிகவும் தளர்ந்திருந்தால் அதை இணைத்து அசையாமல் செய்வதும் உண்டு. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தனிக் காலணியுடன் நடக்கவேண்டியிருக்கும். வீக்கம் முற்றும் வடியப் பல மாதங்கள் ஆகும். புகைப்போர்க்கு எலும்பு கூடுவது தாமதமாகும். வளரும் பருவத்தினர்க்குச் சாய்வு திரும்பும் வாய்ப்பு மிகுதி என்பதால், இயன்றவரை எலும்பு வளர்ச்சி முடியும் வரை காத்திருக்கின்றனர். நன்கு முடிந்த அறுவைக்குப் பின்னும், முன்பு அணிந்த குறுகிய காலணிக்குள் அந்தக் கால் நுழையும் என்று எந்த மருத்துவரும் உறுதி தருவதில்லை.