பகிடியும் வதையும்

சொற்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போது தம் பொருளிற் சிறிது இழப்பதும் சிறிது பெறுவதும் இயல்பு. ஆங்கிலத்திலுள்ள 'ராக்' என்னும் வினைச்சொல் அத்தகையது. கந்தைத் துணியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் அதே ஒலியுடையதாயினும், ஈண்டுக் கருதப்படுவது வினையே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவரைக் கடிந்து ஏசுதல் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சீண்டுதல், தொல்லை கொடுத்தல் என்னும் பொருள்களும் வந்து சேர்ந்தன. பின்னர் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் அறப்பணிக்குப் பொருள் திரட்டும் மாணவர் விழாவும் அப்பெயர் பெற்றது. இந்தியாவிலும் இலங்கையிலுமோ, புதுமுக மாணவரை மூத்தோர் துன்புறுத்தும் வழக்கத்துக்கே அது பெயராயிற்று.

தமிழ்நாட்டார் இதனைப் பெரும்பாலும் 'ராகிங்' என்றே வழங்குவர். இலங்கைத் தமிழர் 'பகிடிவதை' எனப் பெயரிட்டனர். பகிடி என்பது வேடிக்கைப் பேச்சு. வதை என்பது துன்புறுத்தல். செய்பவர் அதனைப் பகிடி என்பர். படுபவர் அதனை வதையென்று அறிவர். ஆங்கிலச் சொல்லில் மறைந்து நின்ற துயரம் தமிழ்ச் சொல்லில் வெளிப்படுகிறது.

இவ்விரண்டுக்கும் எல்லை யாது? அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலை மலைகளில் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்போர் ஒருவரையொருவர் கேலி செய்வதுண்டு. கேலிக்கு ஆளானவர் உடனே மறுமொழி கூறுவார், இருவரும் சிரிப்பர். அது பகிடி. மறுமொழி கூறும் உரிமை மறுக்கப்படுமிடத்து வதை தொடங்குகிறது.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துப் புதுமுக மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிர்நீத்தார். மறு ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கல்வி நிறுவனத்து மாணவருக்கோ பணியாளருக்கோ உடற்காயம், உளக்காயம், மனவேதனை, அச்சம் என்பவற்றை விளைவிக்கும் செயலையும், விளைவிக்கக்கூடிய செயலையும் அது பகிடிவதை என வரையறுக்கிறது. தண்டனை இரண்டாண்டு வரையான கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேரின் பத்தாண்டு வரை நீளும். செய்தவரின் வேடிக்கையை அன்று, பட்டவரின் துயரத்தையே இவ்வரைவிலக்கணம் முதன்மையாகக் கொண்டமை கருதத்தக்கது.

தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளை, பல வேளைகளில் தன் குடும்பத்திலிருந்து அங்குச் செல்லும் முதற்பிள்ளை. அப்பிள்ளையின் பேச்சும் உடையும் தோட்டத்தின் பெயருமே நகைப்புக்குப் பொருளாகலாம். அஞ்சி வீடு திரும்பினால், இழப்பு ஒருவரோடு நிற்பதில்லை. அப்பிள்ளையைப் பார்த்துப் படிக்கத் துணிந்த தம்பி தங்கையரும் தளர்ந்துபோவர். ஆதலின், பெட்டி கட்டும் நாளிலேயே பெற்றோரும் ஆசிரியரும் அப்பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லியனுப்புதல் வேண்டும்: வதையைப் பொறுத்துக்கொள்வது பணிவு அன்று, அதனை முறையிடுவது கோழைமையும் அன்று.