இரண்டு கோடு தெரிந்தால் போதுமா?

அட்டையில் இரண்டு சொட்டு சிறுநீர் விட்டு, இரண்டு கோடு தெரிந்துவிட்டால் வீட்டில் பாயசம்தான்! சந்தோஷம். ஆனால், கரு கர்ப்பப்பையில் தங்கியிருக்கிறதா, கருக்குழாயில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை அந்தக் கோடு சொல்லாது. குழாயில் வளர்ந்து வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

கரு பதிந்ததும் ஹெச்.சி.ஜி. என்கிற புரத ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. ஆரம்ப வாரங்களில், நல்ல கர்ப்பமாக இருந்தால், இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மந்தமாக ஏறினால் டாக்டர் உஷாராகி ஸ்கேன் எடுக்கச் சொல்வார். 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கேட்பது இதற்காகத்தான். ‘காசு பிடுங்கறாங்க’ன்னு அலுத்துக்காதீங்க!

இந்தப் புரதத்தை ஒளியை வைத்தே அளக்கும் கருவிதான் ஆப்டிகல் பயோசென்சர். ஒரு வகையில், கண்ணாடிச் சில்லின் மேல் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் தங்கப் பூச்சு. அதன் மேல் ஹெச்.சி.ஜி.யைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள். அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் தங்கம் அதை விழுங்கிக்கொள்ளும். புரதம் வந்து ஒட்டியதும் அந்தக் கோணம் துளி நகரும். எவ்வளவு நகர்ந்ததோ, அதிலிருந்து புரதத்தின் அளவு தெரிந்துவிடும். 1983-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். 1990-ல் அங்கிருந்தே கருவி விற்பனைக்கும் வந்தது.

சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் எத்தனையோ புரதங்கள். வேண்டாததும் ஒட்டிக்கொண்டால் கணக்கு தப்பும். அதனால் நம் ஊர் லேப்களில் வழக்கமாக, ஒளி உமிழும் ரசாயனம் சேர்த்து அளக்கிறார்கள். அதுவும் நம்பகமானதே. (தங்கம் என்றதும் தங்க பஸ்பம் ஞாபகம் வருகிறதா? அது வேறு, இது வேறு. ஆனால் வீட்டு அட்டையில் தெரிகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்தான்!)

“நாள் தள்ளிப்போச்சு, ஒரு கஷாயம் கொடுங்க” என்று என்னைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் வருபவர்கள் உண்டு. எள், கருஞ்சீரகம் என்று வீட்டிலேயே ஆரம்பித்துவிடுபவர்களும் உண்டு. பரிசோதனை பார்க்காமல் நான் எதுவும் கொடுப்பதில்லை. குழாயில் தங்கிய கருவை எந்தக் கஷாயமும் கர்ப்பப்பைக்குக் கொண்டுவராது. நாள்தான் வீணாகும்.

நாள் தள்ளிய பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமா வலி, லேசா ரத்தம் படுது, தலை சுத்துது, தோள்பட்டை வலிக்குதுன்னா, ராத்திரியானாலும் நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதல்ல எடுத்த ரத்த ரிப்போர்ட் இருந்தா, அதையும் கையோட எடுத்துக்குங்க.