பியானோவுக்குள் புதைந்திருந்த குரல்!

1994-ம் ஆண்டு. 'பீட்டில்ஸ்' இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியிடம், மறைந்த ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோ சில டேப்களைக் கொடுத்தார். 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்ட லெனன், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்தபடி தானே பாடிப் பதிவு செய்தவை அவை.

அவற்றில் இரண்டு பாடல்களை மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் மூவரும் முழுமையாக்கி வெளியிட்டார்கள். 'நவ் அண்ட் தென்' மட்டும் பாதியில் நின்றது. முக்கியக் காரணம், டேப்பில் இருந்த சத்தம்!

வெட்டலாம்... ஆனால் எதை?

டேப்பில் இரண்டு தொல்லைகள். ஒன்று, மின்சாரத்தால் வரும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைகிறது. ரீங்காரமும் அந்த 60-லும் அதன் மடங்குகளிலும்தான் ஒலிக்கும். நம் ஊரில் இது 50. இருக்குமிடம் தெரிவதால், அந்த அலைவரிசைகளை மட்டும் குறைத்துவிடலாம்.

இன்னொரு தொல்லை, பியானோ. குரலும் பியானோவும் ஒரே அலைவரிசைகளில் கலந்து கிடந்தன. ஒன்றை வெட்டினால் மற்றதும் காயப்படும். பாலையும் நீரையும் பிரிக்க அன்னப்பறவை வேண்டுமே!

அன்னம் வந்தது

2001-ல் ஹாரிசனும் மறைந்தார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இயக்குநர் பீட்டர் ஜாக்சன், பீட்டில்ஸ் குழுவின் 1969-ம் ஆண்டுப் படச்சுருள்களை வைத்து எடுத்த 'கெட் பேக்' ஆவணத் தொடர் 2021-ல் வெளியானது. அதில் பேச்சும் கிடாரும் ஒரே ஒலித்தடத்தில் கலந்திருந்தன. எது குரல், எது கிடார், எது டிரம்ஸ் என்று கம்ப்யூட்டருக்கே கற்றுக்கொடுத்துப் பிரித்தது ஜாக்சனின் குழு.

அதே தொழில்நுட்பம் லெனனின் டேப்பையும் தொட்டது. பியானோ விலகியது. குரல் தனியே வந்தது!

ஏஐ உதவியது என்று மெக்கார்ட்னி சொன்னதும், 'போலிக் குரலா?' என ரசிகர்கள் பதறினார்கள். இல்லை. எதுவும் புதிதாக உருவாக்கப்படவில்லை. லெனன் பாடியதுதான் துலக்கப்பட்டது. 1995-ல் ஹாரிசன் வாசித்து வைத்திருந்த கிடாரும் சேர்ந்தது. மெக்கார்ட்னியும் ரிங்கோவும் மீதியை முடிக்க, 2023 நவம்பர் 2 அன்று பாடல் வெளியாகி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2025-ல் கிராமி விருதும் வென்றது.

உங்கள் வீட்டு கேசட்டில்...

பாட்டி பாடிய தாலாட்டு, அப்பாவின் கச்சேரி என்று உங்கள் வீட்டிலும் கேசட் இருக்கலாம். முதலில் அதை கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பிரதியைத் தொடாமல் வையுங்கள். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில், யாரும் பாடாமல் இரைச்சல் மட்டும் இருக்கும் சில விநாடிகளைக் காட்டினால், அதை மாதிரியாக வைத்து முழுப் பதிவிலும் இரைச்சலைக் குறைக்கும்.

ஒரே எச்சரிக்கை: அளவுக்கு மீறிச் சுத்தம் செய்தால், குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் பரவாயில்லை. பாட்டியின் குரல் பாட்டியின் குரலாகவே இருக்கட்டும்!