பழைய காருக்குப் புதுப் பளபளப்பு

பழவேற்காடு ஏரியை விடியற்காலையில் பார்த்திருக்கிறீர்களா? காற்று ஓய்ந்திருக்கும்போது கரையோரப் படகு தண்ணீரில் தலைகீழாகத் தெளிவாகத் தெரியும். காற்று எழுந்து சிற்றலைகள் ஓடத் தொடங்கியதும் அந்த உருவம் சிதைந்துவிடும். தண்ணீர் அதேதான், மாறியது மேற்பரப்பு மட்டுமே. காரின் பளபளப்புக்கும் இதுவே காரணம்.

ஏரிக்கு மேற்கே, சென்னை - கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் உள்ள ஊர் அனுப்பம்பட்டு. அங்கே ஒரு வீட்டில், 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார் ஒன்று மங்கிப்போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கழுவும்போது புதிதுபோல் மின்னுகிறது. ஈரம் காய்ந்ததும் மறுபடி வெளிறுகிறது. ஏன்? வெயிலில் சிதைந்த பெயிண்டின் மேற்பரப்பில் நுண்ணிய பள்ளங்கள் உள்ளன. தண்ணீர் அவற்றை நிரப்பிச் சமமாக்குகிறது. காய்ந்தபின் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடு பள்ளங்கள் இதைவிட மிகச் சிறியவையாக இருந்தால்தான் பரப்பு கண்ணாடிபோல் எதிரொளிக்கும். ஆகவே பளபளப்பு டப்பாவிலிருந்து மட்டும் வருவதில்லை, தேய்ப்பதிலிருந்தும் வருகிறது.

முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்புக்காற்று படும் இடங்களில் இது மிக முக்கியம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, துருப்பிடித்தலை விரைவாக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் புதுப் பெயிண்டையும் கீழிருந்து தூக்கிவிடும். எனவே துருவை முழுவதும் சுரண்டி, பிரைமர் அடித்து, பள்ளங்களில் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரால் தேய்க்கிறார்கள். எண் கூடக் கூடத் தாளிலுள்ள துகள் சிறிதாகும். 400ஆம் எண் தாளில் அது சுமார் 35 மைக்ரான். 2000இல் சுமார் 10 மைக்ரான்தான். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழித்துவிட்டுத் தன் சிறிய கீறலை விட்டுச் செல்கிறது.

அடுத்தது பெயிண்ட். முன்பு கார்களுக்கு அடித்த பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆனது. 1920களில் அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனி, பஞ்சை நைட்ரிக் அமிலத்துடன் வினைப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு ‘டியூகோ’ என்னும் விரைவில் உலரும் பெயிண்டை அறிமுகப்படுத்தியது. தின்னர் கலந்து அடித்த பெயிண்ட், பரப்பு இழுவிசையால் தானே சமமாகப் பரவும். பரவுமுன் உலர்ந்தால் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும்; தடிப்பாக அடித்தால் ஒழுகும். எனவே மெல்லிய பூச்சுகளாக, ஒன்று சற்று உலர்ந்தபின் அடுத்ததை அடிக்க வேண்டும்.

பனி ஈரமுள்ள காலையிலும் மழைநாளிலும் அடிக்கக் கூடாது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து பெயிண்டை வெண்மையாக மங்கச் செய்யும். நன்கு காய்ந்தபின் மிக நுண்ணிய தாளாலும், பிறகு ரப்பிங் காம்பவுண்டாலும் தேய்த்தால் கடைசிக் கீறல்களும் மறையும்.

எச்சரிக்கை! தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் கெடுதி. அடுப்பு, பீடி நெருப்பு எதுவும் அருகில் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்த கழிவுநீரை வாய்க்காலில் விடக் கூடாது. அது சேருமிடத்தில் மீனும் இறாலும் வாழ்கின்றன. கடினமாக்கி கலந்து அடிக்கும் இருபாகப் பெயிண்டுகளில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. அத்தகைய பெயிண்டை வீட்டில் அடிக்கவே வேண்டாம். பெரியவர்கள் வேலை செய்யும்போது நீங்கள் தள்ளி நின்று கவனியுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய எழுத்துள்ள செய்தித்தாளைக் காரின் பக்கத்தில் பிடியுங்கள். பெயிண்டில் தெரியும் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா? அப்படியானால் ஏரி அமைதியாக இருக்கிறது என்று பொருள்!