ஜியோகேச் தேடல் பட்டியல் அமைத்தல்: வீட்டுப் பகுதியும் பயணப் பகுதியும்

ஜியோகேச் தேடல் பட்டியல் என்பது, ஜியோகேச்சிங் விளையாட்டில் ஈடுபடுவோர் தங்களுக்கு வேண்டிய இடம், தொலைவு, வகை, கடினத்தன்மை ஆகியவற்றை நிபந்தனைகளாகக் கொடுத்துப் பெறும் தொகுப்பாகும். ஜியோகேச்சிங்.காம் தளத்தில் இது 'பாக்கெட் குவெரி' என்று அழைக்கப்படுகிறது. ஒருவர் வசிக்கும் ஊருக்கும் அவர் பயணம் செல்லும் ஊருக்கும் ஒரே மாதிரியான பட்டியல் பயன்படாது. முன்னது தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டியது. பின்னது புறப்படும் முன் ஒருமுறை கவனமாகத் தயாரிக்கப்பட வேண்டியது. இக்கட்டுரை இரு வகைகளையும் அமைக்கும் முறையைத் திருவண்ணாமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

ஜியோகேச்சிங் என்பது செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் அமைப்பான ஜிபிஎஸ் துணையுடன், மறைத்து வைக்கப்பட்ட சிறு பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறந்தவெளி விளையாட்டு ஆகும். பெட்டி 'ஜியோகேச்' அல்லது சுருக்கமாக 'கேச்' எனப்படும். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் பதிவுத்தாளில் தம் விளையாட்டுப் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதையடுத்து மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிட்டார். இதுவே இவ்விளையாட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங்.காம் தளத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கேச்சுகள் உள்ளன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவை மிக நெருக்கமாகவும், இந்தியாவில் மிகச் சிதறலாகவும் காணப்படுகின்றன. பட்டியல் அமைக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

தேடல் பட்டியலின் கூறுகள்

ஒரு பட்டியலை உருவாக்கக் கீழ்க்கண்டவை தேவைப்படும்.

1. மையம்: தேடல் தொடங்கும் புள்ளி. வீட்டு இருப்பிடம், வேறு ஏதேனும் ஆள்கூறு, அல்லது ஒரு கேச்சின் குறியீட்டு எண்ணை மையமாகக் கொடுக்கலாம்.
2. ஆரம்: மையத்திலிருந்து எவ்வளவு தொலைவு வரை தேட வேண்டும் என்பது.
3. வகை: சாதாரண கேச், பல கட்டக் கேச், புதிர்க் கேச், எர்த்கேச் போன்றவை. எர்த்கேச்சில் பெட்டி இருக்காது. அவ்விடத்தின் நிலவியலைக் கவனித்து வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும்.
4. கடினத்தன்மை: தேடுவதன் கடினமும் நிலப்பரப்பின் கடினமும் 1 முதல் 5 வரை அரை அரைப் புள்ளிகளாகத் தனித்தனியே குறிக்கப்படும். நிலப்பரப்பு 1 என்றால் சக்கர நாற்காலியில் செல்வோரும் அணுகலாம். 5 என்றால் கயிறு, படகு போன்ற சிறப்புக் கருவிகள் தேவை.
5. நிலை: இப்போது செயல்பாட்டில் உள்ளதா, தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளதா என்பது.
6. இயக்கும் நாள்: ஒருமுறை மட்டும் இயக்குவதா, குறிப்பிட்ட கிழமையில் வாரந்தோறும் இயக்குவதா என்பது.

பாக்கெட் குவெரி வசதி கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கே உரியது. ஒரு பட்டியலில் அதிகபட்சம் 1000 கேச்சுகள் வரை பெறலாம். முடிவுகள் ஜிபிஎக்ஸ் என்னும் கோப்பு வடிவில் கிடைக்கும். அதைக் கைபேசிச் செயலியிலோ கையடக்க ஜிபிஎஸ் கருவியிலோ ஏற்றிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் விவரங்களைப் படிக்கலாம்.

மையத்தைச் சரியாகக் குறித்தல்

பட்டியல் பிழையாவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆள்கூறுகளை எழுதும் முறையில் ஏற்படும் குழப்பம். நிலப்படச் செயலிகள் பெரும்பாலும் பாகையைத் தசமமாகக் காட்டும். ஜியோகேச்சிங்கில் பாகையும் தசம நிமிடமும் பயன்படுத்தப்படுகின்றன.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் ஏறத்தாழ 12.23° வடக்கு, 79.07° கிழக்கில் உள்ளது. இதை நிமிடமாக மாற்றத் தசமப் பகுதியை 60 ஆல் பெருக்க வேண்டும். 0.23 × 60 = 13.8; 0.07 × 60 = 4.2. எனவே சரியான வடிவம் 12° 13.8′ வடக்கு, 79° 04.2′ கிழக்கு ஆகும். பெருக்காமல் 12° 23′, 79° 07′ என்று எழுதிவிட்டால், மையம் வடக்கே சுமார் 17 கி.மீ.யும் கிழக்கே சுமார் 5 கி.மீ.யும் நகர்ந்துவிடும். 10 கி.மீ. ஆரத்தில் தேடுபவருக்குக் கிடைக்கும் பட்டியலில் திருவண்ணாமலையே இருக்காது. பட்டியலில் ஏதோ சில கேச்சுகள் வந்துவிட்டால் இப்பிழை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே மையத்தை நிலப்படத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்வது அவசியம்.

திருவண்ணாமலை அமைந்துள்ள அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது வடக்கு தெற்காகச் சுமார் 1,843 மீட்டர். கிழக்கு மேற்காகச் சுமார் 1,813 மீட்டர். எனவே நிமிடத்தின் மூன்றாவது தசம இடம் ஏறக்குறைய 1.8 மீட்டரைக் குறிக்கும். திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியமே தரும் என்பதால் மூன்று தசம இடங்கள் போதுமானவை. உயரமான கட்டடங்களுக்கு அருகில் சமிக்ஞை எதிரொலித்து வருவதால் பிழை இன்னும் கூடும்.

ஆரத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆரம் இரு மடங்கானால் தேடும் பரப்பு நான்கு மடங்காகும். 10 கி.மீ. ஆரம் சுமார் 314 சதுர கி.மீ. பரப்பையும், 50 கி.மீ. ஆரம் சுமார் 7,850 சதுர கி.மீ. பரப்பையும் உள்ளடக்கும்.

தளம் காட்டுவது நேர்கோட்டுத் தொலைவு மட்டுமே. திருவண்ணாமலைக்கு இது நன்றாகப் பொருந்தும் எடுத்துக்காட்டு. கிரிவலப்பாதையின் நீளம் சுமார் 14 கி.மீ. அதை ஒரு வட்டமாகக் கொண்டால் அதன் விட்டம் ஏறத்தாழ 4.5 கி.மீ. எனவே மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள கோயிலை மையமாகக் கொண்ட 5 கி.மீ. வட்டத்துக்குள் பாதை முழுவதும் அடங்கிவிடும். ஆனால் எதிர்ப்புறத்துக்குச் செல்ல மலையைச் சுற்றி 7 கி.மீ. நடக்க வேண்டும். பட்டியலில் 4.5 கி.மீ. என்று காட்டும் இடத்துக்கு நேர்கோட்டில் செல்ல முயன்றால் 800 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள மலையைக் கடக்க வேண்டியிருக்கும்.

அதுபோலவே, 50 கி.மீ. ஆரத்தில் செஞ்சிக் கோட்டை, சாத்தனூர் அணை, செங்கம், போளூர் ஆகியவை அடங்கும். ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரும் இந்த வட்டத்துக்குள் வரும். எனினும் அங்கு செல்ல மலைப்பாதையில் வளைந்து ஏற வேண்டும் என்பதால் பயண நேரம் நேர்கோட்டுத் தொலைவைப் பார்த்துக் கணக்கிடக் கூடியதன்று.

வீட்டுப் பகுதிக்கான பட்டியல்

வீட்டுப் பகுதிப் பட்டியலின் நோக்கம், அருகில் புதிதாக வந்தவற்றையும் நிலை மாறியவற்றையும் அறிந்துகொள்வதாகும். 'நான் கண்டுபிடிக்காதவை', 'நான் வைக்காதவை', 'செயல்பாட்டில் உள்ளவை' ஆகிய மூன்று நிபந்தனைகளை மட்டும் கொடுத்து வாரம் ஒருமுறை இயங்குமாறு அமைத்தல் நல்லது. வார இறுதியில் தேடச் செல்பவர் வியாழன் அல்லது வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம்.

திருவண்ணாமலை போன்று கேச்சுகள் அரிதாக உள்ள பகுதியில் ஆரத்தைப் பெரிதாகவும் நிபந்தனைகளைக் குறைவாகவும் வைக்க வேண்டும். நிபந்தனைகள் கணங்களின் வெட்டு போலச் செயல்படுகின்றன. ஒவ்வொன்றையும் சேர்க்கச் சேர்க்க விடை சுருங்கும். 'செயல்பாட்டில் உள்ளவை', 'செயல்படாதவை' இரண்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்தால் விடை வெற்றுக் கணமாகிவிடும்.

நெருக்கமான நகரங்களில் நிலைமை நேர்மாறானது. இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தளத்தின் விதி. அந்த இடைவெளியில் சதுரக் கட்டங்களாக வைத்தால்கூட 3 கி.மீ. ஆரத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு இடம் உண்டு. இத்தகைய நகரங்களில் வாழும் தமிழர்கள் 1000 என்ற வரம்பை விரைவில் எட்டிவிடுவர். அப்போது கேச் வைக்கப்பட்ட தேதியைக் கொண்டு பட்டியலைப் பிரிக்கலாம். முதல் பட்டியல் 2000 முதல் 2012 வரை, அடுத்தது 2013 முதல் 2018 வரை என அமைத்தால் எதுவும் இரு முறை வராது, எதுவும் விடுபடாது. ஒவ்வொரு பட்டியலும் 1000-க்குக் கீழே இருக்குமாறு ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக 1000 என்று வந்தால், வரம்பைத் தாண்டியவை வெட்டப்பட்டிருக்கலாம் என்று கொள்ள வேண்டும்.

பயணப் பகுதிக்கான பட்டியல்

பயணப் பட்டியல் இரு வகைப்படும்.

தங்குமிட வட்டம்: தங்கும் ஊரை மையமாகக் கொண்டு, நடந்தோ ஆட்டோவிலோ செல்லக்கூடிய தொலைவை ஆரமாகக் கொடுப்பது. நிலப்பரப்புக் கடினம், பெட்டியின் அளவு ஆகிய நிபந்தனைகளை இங்கு உடன் வருபவர்களின் வயதுக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கொடுக்கலாம்.

வழித்தடத் தேடல்: பயணப் பாதையை வரைந்து அதன் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் தேடுவது. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சாலைத் தொலைவு ஏறக்குறைய 190 கி.மீ. இரு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 160 கி.மீ. இவ்விரண்டையும் ஒரே வட்டத்தில் அடக்க 80 கி.மீ. ஆரம் தேவைப்படும், அதன் பரப்பு சுமார் 20,000 சதுர கி.மீ. சாலையின் இருபுறமும் 2 கி.மீ. மட்டும் தேடினால் பரப்பு 760 சதுர கி.மீ. தான். கிடைப்பவை எல்லாம் வழியில் இறங்கிப் பார்க்கக் கூடியவையாகவும் இருக்கும்.

பயணப் பட்டியலைப் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு இயக்க வேண்டும். மிக முன்னதாக இயக்கினால் இடையில் நீக்கப்பட்ட கேச்சுகளும் பட்டியலில் தங்கிவிடும். பயணம் முடிந்ததும் அந்தக் கோப்பைக் கருவியிலிருந்து அழித்துவிடுவது பழைய விவரங்கள் கலப்பதைத் தவிர்க்கும்.

பட்டியல் சொல்லாதவை: திருவண்ணாமலையில் கவனிக்க வேண்டியவை

நிபந்தனைகள் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், ஓர் இடத்துக்கு இன்று செல்லலாமா என்பதைப் பட்டியல் கூறாது. 'செயல்பாட்டில் உள்ளது' என்பது பெட்டியின் நிலையைக் குறிக்கும். பாதையின் நிலையைக் குறிக்காது.

ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த கனமழையால் 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர் பகுதியில் மண்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு கார்த்திகை தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலையின் பெரும்பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆகவே மலைச்சரிவில் அமைந்த எந்த ஆள்கூறுக்கும் செல்லும் முன் வனத்துறை, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் அப்போதைய அறிவிப்பை அறிந்துகொள்ள வேண்டும். நிலப்பரப்புக் கடினத்தை 2 அல்லது அதற்குக் கீழ் என்று வரம்பிட்டால் மலையேற்றம் தேவைப்படும் இடங்கள் பெரும்பாலும் விலகிவிடும்.

பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தின்போதும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருகின்றனர். அந்நேரத்தில் பாதையோரப் புதர்களிலும் கற்களுக்கிடையிலும் கையை விட்டுத் தேடுவதும், அடையாளம் தெரியாத பெட்டியைக் கையில் எடுப்பதும் மக்களிடையே அச்சத்தையும் காவல்துறையின் சந்தேகத்தையும் எழுப்பக்கூடும். பௌர்ணமி அல்லாத நாளில், பகல் வெளிச்சத்தில் தேடுவதே பொருத்தம். எட்டு லிங்கக் கோயில்கள் முதலான வழிபாட்டிடங்களின் சுவர், மண்டபம், தீர்த்தக் குளம் ஆகியவற்றில் எதையும் அசைக்கக் கூடாது. புதிதாக ஒன்றை வைக்க விரும்புவோர் நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பது விளையாட்டின் பொது விதியாகும். மண்ணைத் தோண்டிப் புதைப்பதும் விதிக்கு மாறானது.

வெளிநாட்டிலிருந்து வருவோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் கருவி சமிக்ஞையைப் பெறுவது மட்டுமே செய்யும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் செயற்கைக்கோள் தொலைபேசிகளும் வேறு வகை. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றமாகும்.

தனியுரிமை

வீட்டின் துல்லியமான ஆள்கூறை மையமாகக் கொண்ட பட்டியலைப் பிறருடன் பகிர்ந்தால், வட்டத்தின் நடுப்புள்ளி வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அருகிலுள்ள பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற பொது இடத்தை மையமாக வைத்தால் பட்டியலின் பயன் குறையாது. வீட்டின் இருப்பிடமும் வெளிப்படாது. மாணவர்களுக்குப் பட்டியல் அமைத்துத் தரும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைப் பின்பற்றுவது நல்லது.

சுருக்கமான சரிபார்ப்பு

- மையம் நிலப்படத்தில் சரியான ஊரில் உள்ளதா?
- ஆரம் நேர்கோட்டுத் தொலைவு என்பதை மனத்தில் கொண்டு பயண நேரம் கணக்கிடப்பட்டதா?
- முரண்பட்ட நிபந்தனைகள் உள்ளனவா?
- எண்ணிக்கை 1000-ஐத் தொட்டுள்ளதா?
- ஒவ்வொரு கேச்சிலும் அண்மையில் தேடியவர்களின் குறிப்புகள் படிக்கப்பட்டனவா?
- செல்லும் நாளில் அவ்விடத்துக்கு அனுமதி உண்டா?
- கோப்பு கருவியில் ஏற்றப்பட்டு, இணைய இணைப்பைத் துண்டித்த நிலையில் திறந்து பார்க்கப்பட்டதா?